குழந்தையைத் தூக்கியவருக்குக் கட்டம் இல்லை: தீயணைப்புத் துறைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

தற்கொலையால் இறந்த எங்கள் தோழரின் இறுதிச் சடங்குக்கு மலர்வளையம் அனுப்பியதற்கு நன்றி. அடுத்த வாரமே உங்கள் சுற்றறிக்கையும் வந்தது. எல்லோரும் ஒருமணி நேர மன உறுதி வகுப்பில் கையெழுத்திட வேண்டுமாம். அவர் மன உறுதி இல்லாதவரா, ஐயா? பதினேழு வருடம் எங்களுக்கு முன்னால் புகைக்குள் நுழைந்தவர்.

தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்ல நான் ஆளில்லை. கண்டதைச் சொல்கிறேன். ஒரு வீட்டுத் தீயில் குழந்தையைத் தூக்கி வந்தவர் அவர். குழந்தை பிழைக்கவில்லை. நிலையம் திரும்பி அறிக்கை எழுதினோம். எத்தனை ஹோஸ் விரித்தோம், எவ்வளவு தண்ணீர் செலவானது, எந்த மூச்சுக்கருவி பழுது, எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. குழந்தையைத் தூக்கியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிடத்தில் அடுத்த மணி அடித்தது. வண்டியில் ஏறிவிட்டார்.

பிறகு மாதக்கணக்கில் தூக்கமில்லை. "டாக்டரைப் பாருங்கண்ணே" என்றேன். "பாத்தா ஃபைல்ல ஏறும் தம்பி. வண்டியிலருந்து இறக்கிடுவாங்க" என்றார். அந்தப் பயம் பொய்யில்லை. முன்பு உதவி கேட்ட ஒருவர் மேசை வேலைக்கு மாற்றப்பட்டதை நிலையமே பார்த்தது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். துறைக்கு வெளியிலிருந்து, எங்கள் வேலை தெரிந்த ஒரு மனநல ஆலோசகர் வேண்டும். அவரிடம் பேசுவது ஃபைலில் ஏறக்கூடாது, பதவி உயர்வைத் தொடக்கூடாது.

அமெரிக்காவில் 2017இல் பணியின்போது இறந்த தீயணைப்பு வீரர்கள் 93 பேர். தற்கொலையால் இறந்தவர்கள் குறைந்தது 103 பேர் என்கிறது அந்த நாட்டின் ரூடர்மேன் குடும்ப அறக்கட்டளை. வெளியே தெரிந்த கணக்கே இவ்வளவு. உங்கள் சுற்றறிக்கையில், கோர விபத்து முடிந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து ஒருமுறை பேசவைப்போம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. காலிப் பணியிடங்களை நிரப்பாமல் இரட்டை ஷிப்ட் போட்டுவிட்டு, உறுதியை எங்களிடம் கேட்கிறீர்கள். பணியில் இறந்தவர்களுக்கான நினைவுக் கல்லில் எங்கள் தோழரின் பெயர் வராது என்று அவர் மனைவியிடம் சொல்ல மட்டும் உடனே ஆள் வந்தது.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். என் பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறார். ஃபைலில் ஏறாத அந்த ஆலோசகர் எந்தத் தேதியிலிருந்து வருவார் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் துறையின் தீயணைப்பு வீரர் ஒருவர்