அக்கா மகன் சிக் லீவில் இருக்கிறானே, அவனுக்காக

அன்புள்ள சேகருக்கு,

நலம். உனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. ஒரு மாதத்துக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள். இங்கே மூத்தவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வீடு நிறைந்திருக்கிறது.

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் அக்கா மகனைப் பற்றித்தான் இருந்தது. மலைப்பாதையில் யூனிட் வண்டி கவிழ்ந்து கால் எலும்பு முறிந்து, உள்ளே ராடு வைத்து, இரண்டாவது முறையாக சிக் லீவில் வந்திருக்கிறான், யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். உங்கள் கம்மவான்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் படையில் இருந்தவர். அதனால் ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்கு அதுவே கவலை. 1982 விதிகளில் பென்ஷன் வாங்கியவர் தனக்கு நடந்ததைச் சொல்வார். 2023 செப்டம்பர் 21 முதல் ஊனப் பென்ஷன் தகுதிக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன. திண்ணையில் கேட்டதை வைத்து அவன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

முதலில் லீவ் விஷயம். சிக் லீவைப் பரிந்துரைப்பது ராணுவ மருத்துவமனை, பெரும்பாலும் 4 வாரம் கொடுப்பார்கள். லீவ் சர்டிஃபிகேட்டில் எந்த நாளில் எந்த மருத்துவமனையில் ஆஜராக வேண்டும் என்று எழுதியிருக்கும், அங்கே அந்த நாளில் போயே ஆகவேண்டும். கால் வீங்கியிருக்கிறது, பயணம் முடியாது என்றால் வேலூரில் தனியார் டாக்டரிடம் ஒரு சர்டிஃபிகேட் வாங்கி யூனிட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவது பையன்களின் பழக்கம். அந்த சர்டிஃபிகேட் லீவை நீட்டாது. லீவ் முடிவதற்கு முன்பே பக்கத்து எம்.ஹெச்.சுக்கு, அதாவது ராணுவ மருத்துவமனைக்கு, போய்க் காட்ட வேண்டும். உங்களுக்குச் சென்னை, மேற்கே இருப்பவர்களுக்கு வெலிங்டன். அவர்கள் அட்மிட் செய்தால் அந்தத் தகவலை மருத்துவமனையே யூனிட்டுக்கு அனுப்பும். நகர்த்தவே முடியாத நிலை என்றால் அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அன்றே யூனிட்டுக்கும் எம்.ஹெச்.சுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாமல் நாள் கடந்தால் ஆர்மி ஆக்ட் 39-ஆம் பிரிவில் அது குற்றம். 30 நாள் தாண்டினால் 106-ஆம் பிரிவின்படி விசாரணை வைத்து ஓடிப்போனவன் என்றே பதிவு செய்துவிடலாம். கால் உடைந்து கட்டிலில் கிடப்பவனுக்கு இந்தப் பெயர் வந்தால் அதை அழிக்க வருஷக்கணக்கில் அலைய வேண்டும்.

அடுத்தது இன்ஜுரி ரிப்போர்ட். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே இதற்காகத்தான். ஐ.ஏ.எஃப்.ஒய்.–2006 என்ற படிவம் அது. விபத்து எங்கே, எப்போது, டூட்டியில் இருந்தானா, அடி எவ்வளவு கடுமை, அவன் மீது தவறு உண்டா, பணியால் நேர்ந்ததா என்று யூனிட் எழுதி, கமாண்டிங் ஆபீசர் தன் கருத்தைப் பதிவார். காயம் கடுமை என்றால் கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற ராணுவ விசாரணையும் உண்டு. இதெல்லாம் யூனிட்டின் வேலைதான். ஆனால் யூனிட் எல்லைப் பக்க ஃபீல்டிலிருந்து உள்நாட்டு பீஸ் ஸ்டேஷனுக்கு இறங்கும், வண்டியில் கூட இருந்தவன் கோர்ஸுக்குப் போவான், டிரைவர் போஸ்டிங் ஆவான், ஹெட் கிளார்க் மாறுவார். வந்து சேர்கிறவருக்கு இந்தப் பையன் யார் என்றே தெரியாது. கோப்பில் காகிதம் இல்லையென்றால் நாளைக்கு மெடிக்கல் போர்டு என்ற டாக்டர் குழு உட்காரும்போது அங்கே இருக்கப்போவது கால் உடைந்த ஒரு ஆளும் அவன் வாய்மொழியும்தான்.

அதனால் இந்த லீவ் முடிவதற்குள் அவன் கமாண்டிங் ஆபீசருக்கு ஒரு பக்க விண்ணப்பம் எழுதட்டும். விபத்து நடந்த நாள், நேரம், இடம், வண்டி எண், எந்த டூட்டிக்குப் போனது, கூட இருந்தவர்களின் பெயரும் நம்பரும், முதலில் எந்த மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்று வரிசையாக எழுதி, இன்ஜுரி ரிப்போர்ட்டின் நகலும் என்கொயரி முடிவின் நகலும் வேண்டும், யூனிட்டின் பதிவு உத்தரவான பார்ட் டூ ஆர்டரில் இது ஏறியிருக்கிறதா என்று தெரிவிக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளட்டும். கூடவே கம்பெனி சீனியர் ஜே.சி.ஓ.வுக்கு (சுபேதார் நிலையில் இருப்பவர்) போன் செய்து மரியாதையாகச் சொல்லிவிடட்டும். காகிதம் மட்டும் போனால் புகார் மாதிரி தெரியும். போன் மட்டும் போனால் மறந்துபோகும்.

டிஸ்சார்ஜ் ஸ்லிப், ஆபரேஷன் குறிப்பு, எக்ஸ்ரே, லீவ் சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் நாள் வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு, அக்காவின் போனிலும் படம் எடுத்து வைக்கச் சொல்லு. மூலப்பிரதியை யாரிடமும் கொடுத்துவிட்டு வரவேண்டாம்.

பைக் ஓட்டுகிறான் என்று எழுதியிருந்தாயே, உடனே நிறுத்து. எலும்பு இன்னும் சேரவில்லை என்பது ஒரு காரணம். லீவில் ஊரில் விழுந்து அதே கால் மறுபடி உடைந்தால், பணியோடு அந்தக் காயத்துக்குக் காரணத் தொடர்பு காட்ட வேண்டும் என்பது இன்னொரு காரணம். ஊரில் சொந்த வேலையாகப் போய் விழுந்ததற்கு அது அநேகமாகக் கிடைக்காது. டூட்டியில் பட்ட காயம் எது, ஊரில் பட்டது எது என்று பிரித்துக் காட்ட முடியாமல் போனால் முதல் காயத்தின் பலனும் போய்விடும்.

கால் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அக்குளில் கட்டை அழுந்தும்படி தொங்கி நடக்கிறான் என்று உன் வர்ணனையில் தெரிகிறது. அப்படி நடந்தால் அக்குள் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கிப்போகும். ஊன்றுகோலின் மேல்பகுதிக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கைப்பிடியைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்க வேண்டும். அடி ரப்பர் தேய்ந்திருந்தால் இன்றே மாற்று, ஈரத் தரையில் அதுதான் ஆளைத் தள்ளும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில். காலில் எவ்வளவு பாரம் வைக்கலாம் என்பதை ஆபரேஷன் செய்தவர் ஸ்லிப்பில் எழுதியிருப்பார். அதற்கு மேலும் வேண்டாம், பயந்துகொண்டு அதற்குக் கீழும் வேண்டாம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவை பாதத்தைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்டட்டும். காலை நீட்டிவைத்து முட்டிக்கு மேலுள்ள தசையை இறுக்கி ஐந்து எண்ணி விடட்டும். தொடைத் தசை வற்றிப்போனால் எலும்பு சேர்ந்த பிறகும் முட்டி நிற்காது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிக் கடுத்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு குத்தினாலோ இரத்தக்கட்டியாக இருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அந்த நேரமே பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. சிகரெட்டை விடச் சொல்லு. புகை பிடிப்பவனுக்கு எலும்பு சேர்வது தாமதமாகும்.

இனி மெடிக்கல் கேட்டகிரி, அதாவது உடல் தகுதித் தரம். ரிவ்யூவுக்குப் போகும்போது ‘ஷேப்’ முறையில் தரம் போடுவார்கள். எஸ் மனநிலை, எச் செவி, ஏ கைகால், பி உடல் திறன், ஈ கண். முழு ஆரோக்கியத்துக்கு எல்லாம் 1, எண் ஏற ஏறத் தகுதி குறையும். கால் காரணமாக இவனுக்கு ஏ3 போட்டு, தற்காலிகமாக 24 வாரம் என்று கொடுக்கலாம். பிறகு மறுபடி போர்டு. நிரந்தரமானால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். ஓட்டம் கூடாது, மலையேற்றம் கூடாது, சுமை கூடாது என்ற கட்டுப்பாடுகளையும் எழுதுவார்கள். அந்த வரிகளின் நகலோடு யூனிட்டில் சேரட்டும். இல்லையென்றால் ஆள் பற்றாக்குறையில் காவல் டூட்டிக்கும் உடற்பயிற்சி பி.டி.க்கும் நிறுத்திவிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, தெரியாமல் செய்வது.

இங்கே இரண்டு விதமாகக் கெட்டுப்போகிறார்கள். பிரமோஷன் போய்விடும் என்று வலியை மறைத்து ஒன்றாம் கேட்டகிரிக்கு வருகிறவர்கள் ஒரு வகை. ஆறு மாதத்தில் வலி திரும்பும்போது, ‘அறிகுறி எதுவும் இல்லை’ என்று அவர்களே சொன்னது கோப்பில் நிற்கும். இல்லாத வலியைச் சேர்த்துச் சொல்லி சதவீதம் ஏற்றப் பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. ஆர்த்தோ ஸ்பெஷலிஸ்ட் மடக்கி நீட்டிப் பார்த்ததும் அது தெரிந்துவிடும், பிறகு உண்மையான வலியையும் நம்பமாட்டார்கள். உள்ளதை உள்ளபடி: எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, எத்தனை படிக்குப் பிறகு வலி, இரவில் விழிப்பு வருகிறதா. இதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கும் உதவி.

உடல்நிலை காரணமாகப் பணியிலிருந்து வெளியே அனுப்பும் நிலை வந்தால் இன்வேலிடிங் மெடிக்கல் போர்டு, ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.–16 படிவம். அதில் ஒரு பகுதியை அவனே நிரப்ப வேண்டும். பணியில் சேருமுன் இந்தக் குறை இருந்ததா? குறையை உண்டாக்கிய அல்லது மோசமாக்கிய சம்பவம் எது? காயம் என்றால் எப்படி நேர்ந்தது, கோர்ட் ஆஃப் என்கொயரி நடந்ததா, இன்ஜுரி ரிப்போர்ட் போனதா? பையன்கள் பலர் இங்கே கிளார்க் சொன்னபடி ஒற்றை வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். தேதியும் இடமும் போட்டு முழு வாக்கியமாக எழுத வேண்டும். லோ மெடிக்கலில், அதாவது குறைந்த கேட்டகிரியில், இருப்பவரை இந்தப் போர்டு இல்லாமல் அனுப்பக்கூடாது என்று நாயப் சுபேதார் ராஜ்பால் சிங் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘சொந்த விருப்பத்தில் போகிறேன்’ என்ற தாளை நீட்டினால் கையெழுத்துக்கு முன் எனக்குப் படம் எடுத்து அனுப்பட்டும்.

பணக் கணக்கு எளிது. 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் ஊனப் பகுதி, ஊனம் குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும். 40,000 ரூபாய் கணக்கில் எடுத்தால் 100-க்கு 12,000. 30 சதவீத ஊனம் என்றால் 3,600. இன்வேலிட் ஆனவர்களுக்கு 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆக உயர்த்திக் கணக்கிடுவதால் 6,000 ஆகும். ஆனால் ஊனம் 20 சதவீதமாவது இருக்க வேண்டும், பணியால் நேர்ந்தது அல்லது பணியால் மோசமானது என்று ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அந்த ஏற்புக்குத்தான் இன்ஜுரி ரிப்போர்ட். காரணத்தை வைத்து ஊனப் பென்ஷனைப் பிரிக்கும் வகைகளில், டூட்டி வண்டி விபத்து ‘சி’ பிரிவில் வரும். மறுத்துவிட்டால் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், பிறகு இரண்டாவது அப்பீல், அதற்கும் மேல் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் விபத்துக் காப்பீடு உண்டா, கெடு எப்போது என்று எழுத்தில் கேட்கச் சொல்லு. பலர் கெடு முடிந்த பிறகு கேட்கிறார்கள். மாதச் சம்பளச் சீட்டையும் பார்க்கட்டும். வீட்டில் இருக்கும்போது ஏதாவது படி நின்றால், பிறகு அது திரும்ப வந்ததா என்று தெரிய வேண்டும்.

அவன் பேசாமல் இருப்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது, சேகர். எப்போதும் கும்பலோடு எழுந்து கும்பலோடு சாப்பிட்டுப் பழகியவன். இப்போது பகல் முழுக்க ஒற்றை அறை, பார்க்கிறவர் எல்லாம் ‘எப்ப திரும்பிப் போற?’ என்று ஒரே கேள்வி. அந்தக் கேள்வியை வீட்டில் நிறுத்து. பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறானா, கேன்டீன் ரம் அளவு கூடுகிறதா, பழைய தோழர்கள் கூப்பிட்டாலும் எடுப்பதில்லையா, ‘நான் உங்களுக்குப் பாரம்’ என்கிறானா என்று கவனி. சந்தேகம் வந்தால் சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, உள்ளே இருந்தால் வெளியே வரும். ‘எஸ்’ கேட்டகிரி விழுந்துவிடும், ஆயுதம் தரமாட்டார்கள் என்ற பயத்தில் பையன்கள் பலர் சைக்கியாட்ரிஸ்ட்டிடம் போவதில்லை. தற்காலிகமாகப் போட்டது மறு ரிவ்யூவில் ஏறும் என்று எடுத்துச் சொல்லு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். படையினருக்கென்று 2023 டிசம்பரில் புனே ஆயுதப் படை மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவும் திறந்தார்கள்.

செக்‌ஷனில் கூட இருந்த ஒரு பையனைப் பிடித்து வாரம் ஒருமுறை வீடியோ கால் போடச் சொல்லு. அதிகாரி கேட்கும் நலத்தைவிட, இன்றைக்கு மெஸ்ஸில் என்ன, யார் லீவில் போனான் என்ற பேச்சு அவனை அதிகம் தூக்கி நிறுத்தும். அக்காவுக்கு நடையாய் நடக்க முடியாது என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு மனு கொடு. பணியில் இருப்பவர் குடும்பத்துக்கும் அவர்கள் எழுதித் தருவார்கள். கலெக்டர் நடத்தும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

ரிவ்யூவுக்குப் போகும்போது கீழ் பெர்த் போட்டுக்கொடு, துணைக்கு ஒரு ஆளை அனுப்பு. விண்ணப்பத்தை அவன் கையெழுத்திலேயே எழுதி, அனுப்புமுன் எனக்குக் காட்டச் சொல்லு. வண்டி எண் நினைவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு எழுதட்டும், அதை எங்கிருந்து எடுப்பது என்று நான் சொல்கிறேன்.

அன்புடன்,
கோவிந்தன்