‘கோயில் நன்கொடை’ கோப்பு எங்கே போனது? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன முறை, உங்கள் கோப்புகளை வைத்துப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளை மேம்படுத்திய மறுநாள் காலை, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தார்: “அண்ணே, பாதிக் கோப்பைக் காணோம்.” முந்தின இரவு எங்கள் தானியங்கிச் சோதனைகள் எல்லாமே பச்சை காட்டியிருந்தன.

போய்ப் பார்த்தோம். ‘வாடகை ரசீது’ இருந்தது. ‘கோயில் நன்கொடை’ இல்லை. ‘சம்பளம்’ இருந்தது, ‘மொத்தக் கணக்கு’ இல்லை. கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்து எந்தப் பெயரில் இருந்ததோ, அது மட்டும் மறைந்திருந்தது.

கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடு முறையில், ‘கோ’வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; கொம்பு வேறு, கால் வேறு என்று பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் கணினிகளின் வட்டு பிரித்தே வைக்கும். நெக்ஸ்ட்கிளவுட் சேர்த்து எழுதியதையே எதிர்பார்க்கும். அவருடைய கோப்புகள் பழைய மேக்கிலிருந்து அலுவலகச் சேமிப்புப் பெட்டிக்கு அப்படியே நகலெடுத்தவை. இதற்கென்றே நெக்ஸ்ட்கிளவுட்டின் வெளிச் சேமிப்பு அமைப்பில், அதாவது அத்தகைய பெட்டியை இணைக்கும் இடத்தில், ஒரு தெரிவு உண்டு. இணைப்பை மறுபடி அமைத்த நாங்கள் அதை டிக் செய்ய மறந்துவிட்டோம். தவறு எங்களுடையது. கோப்புகள் பெட்டியில் பத்திரமாகத்தான் இருந்தன. டிக் செய்து ஸ்கேன் ஓடவிட்டதும் திரும்ப வந்தன.

எங்கள் சோதனைக் கோப்புகளுக்கு என்ன பெயர் வைத்திருந்தோம் தெரியுமா? டெஸ்ட்1, டெஸ்ட்2. அதுவும் ஆங்கில எழுத்தில். தமிழர் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்துக்கொண்டு இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

‘ஓடுகிற வண்டியை ஏன் தொடுகிறீர்கள்’ என்று சிலர் கேட்டீர்கள். ஒரு பெரிய பதிப்புக்கு ஏறத்தாழ ஓராண்டுதான் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பதிப்பைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது. 29இலிருந்து 31க்குப் போக வேண்டுமானால் 30இல் கால் வைத்துத்தான் போக வேண்டும். ஏறிய பின் பழைய பதிப்புக்கு இறங்க, காப்புப்பிரதியை விட்டால் வேறு வழியில்லை.

நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறந்த மூலம் என்பதால் நெக்ஸ்ட்கிளவுட் குழு எதையெல்லாம் சோதிக்கிறது என்று யாரும் பார்க்கலாம். நிரலின் சிறு துண்டுகளை பிஎச்பியூனிட் என்ற சோதனைக் கருவி கொண்டு, பல தரவுத்தளங்களில் அவர்களே ஓட்டுகிறார்கள். அதையே நாங்கள் திரும்பச் செய்வது வெட்டி வேலை. உங்கள் கோப்புகளும் எங்கள் அமைப்பும் சேரும் இடத்தைத்தான் அவர்களால் சோதிக்க முடியாது.

இதுவரை உலாவியைத் தானே இயக்கும் சோதனைகளையே பெரிதும் நம்பினோம். 2004இல் உலாவியை இயக்கும் செலீனியம் என்ற கருவி வந்த நாள் முதலே இந்த முறைக்கு ஒரு கவர்ச்சி. பொத்தான் தானாக அமுங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் புதிய பதிப்பில் பொத்தான் இடம் மாறினால் சோதனை தவறும், இணையம் சற்றுத் தாமதித்தால் தவறும், சில நாள் காரணமே இல்லாமல் தவறும். அது பழகிவிட்டால், உண்மையிலேயே கோளாறு வரும்போதும் ‘இன்னொரு தரம் ஓட்டிப் பார்’ என்று சொல்லிவிடுவோம். ஆகவே இனி நுழைவு, பகிர்வு இணைப்பு, கைப்பேசித் திரை முதலிய ஆறே காரியங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறோம்.

மற்றதெல்லாம் உலாவி இல்லாமல், சர்வரில் கோப்புகளை ஏற்றி இறக்கும் வெப்டேவ் என்ற நெறிமுறை வழியாக. உங்கள் மடிக்கணினியின் ஒத்திசைவுச் செயலியும் அந்த வழியில்தான் பேசுகிறது. கோப்பை ஏற்றி, பட்டியலில் பெயர் வருகிறதா என்று பார்த்து, இறக்கி, ஷா-256 கைரேகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பொருந்துகிறதா என்று சரிபார்ப்போம். வெளிச் சேமிப்பென்றால் கோப்பை நேரே பெட்டியில் போட்டுவிட்டுத் தேடுவோம். கொ, கோ, கௌ மூன்றும் இரு வடிவிலும் உண்டு. சீன எழுத்துப் பெயர்களையும், மலாயை அரபு வரிவடிவில் எழுதும் ஜாவி எழுத்துப் பெயர்களையும் சேர்த்திருக்கிறோம்.

இவை ஓடுவது முந்தின இரவின் காப்புப்பிரதியிலிருந்து எழுப்பிய நகல் சர்வரில். காப்புப்பிரதி மீளாவிட்டால் சோதனை தொடங்கவே செய்யாது. வருமான வரிக்காக 7 ஆண்டு வைத்திருக்க வேண்டிய ரசீதுகள் உங்களிடம் இருப்பதால், எனக்கு இதுவே பெரிய லாபமாகத் தெரிகிறது. வேலை முடிந்ததும் நகலை அழித்துவிடுவோம். அதிலிருந்து மின்னஞ்சல் போகும் வழியையும் அடைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் நாள்காட்டி நினைவூட்டல் உங்களுக்கு இரண்டிரண்டாக வரும்.

இனி புதிய பெரிய பதிப்பு உங்களை எட்ட இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அவசரப் பாதுகாப்புத் திருத்தங்கள் காத்திருக்காது. கட்டணத்தில் மாற்றமில்லை.

பழைய மேக்கோ பழைய சேமிப்புப் பெட்டியோ வைத்திருப்பவர்கள் புலனத்தில் ஒரு வரி போடுங்கள். நேரில் வந்து பெயர்களை மட்டும் பார்த்துக்கொள்கிறோம், கோப்புகளைத் திறக்க மாட்டோம். தீபாவளிக்கு முந்தைய வாரம் எந்தச் சர்வரிலும் கை வைப்பதில்லை.

அன்புடன்,
உங்கள் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவினர்
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்