புற ஊதா மிச்சமும் கரும்பொருள் அவசரமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்வெளியின் புற ஊதாப் பின்னணி ஒளி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை சுவையாகத்தான் இருந்தது. ஆனால், விண்மீன்களையும் விண்மீன் திரள்களையும் ஒதுக்கிய பிறகு எஞ்சும் மங்கலான ஒளிக்கு, கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பு விசையால் மட்டுமே அறியப்படும் கரும்பொருளே காரணம் என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டிருப்பதை ஏற்பதற்கில்லை.

எஞ்சுவது எவ்வளவு என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. பால்வெளியின் தளத்தை ஒட்டிய திசைகளில் கிடைப்பதில் பெரும்பங்கு, சூடான விண்மீன்களின் ஒளி தூசியில் பட்டுச் சிதறி வருவது. அந்தத் தூசிப் படலம் சீராக இல்லை; அது எந்தப் பக்கம் எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கும் என்பதும் பாதி கணிப்புதான். போதாக்குறைக்கு, பூமியைச் சுற்றும் தொலைநோக்கிக்கு வீட்டு வாசலிலேயே வெளிச்சம்: பூமியின் மேல் வளிமண்டலத்தில் 121.6 நானோமீட்டர் அலைநீளத்தில் ஹைட்ரஜனும் 130.4-இல் ஆக்சிஜனும் ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன; இதைத்தான் காற்றொளி என்பார்கள். 2003-இல் ஏவப்பட்ட கேலெக்ஸ் என்ற புற ஊதா விண்தொலைநோக்கி பூமியின் இரவுப் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே வானைப் பதிவு செய்தது. அப்போதும் காற்றொளியைக் கழிக்க வேண்டியிருந்தது.

பால்வெளித் தளத்துக்குச் செங்குத்தான, தூசி மெலிந்த துருவத் திசைகளில் அது கண்டது தோராயமாக 300 ஃபோட்டான் (ஒளித்துகள்). அதுவும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு வினாடிக்கு, ஒரு ஸ்டெரேடியன் (வானப் பரப்பை அளக்கும் அலகு) வானுக்கு, ஒரு ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) அலைநீளத்துக்கு. இவ்வளவு சொற்பமான கணக்கில் ஒரு கழித்தல் பிசகினாலும் புதுத் துகள் பிறந்துவிடும்.

முன்பே ஒரு துகள் அப்படி முன்மொழியப்பட்டதுதான். கரும்பொருள் என்பது நியூட்ரினோ என்ற மின்னூட்டமற்ற நுண்துகள்கள்தான், அவை சிதைந்து சுமார் 14 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புற ஊதா ஃபோட்டான்களை உமிழ்கின்றன என்றார் இயற்பியலாளர் டென்னிஸ் சியாமா. அழகான கருத்து; கரும்பொருளும் விளங்கிவிடும், விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயு அயனியாகிக் கிடப்பதும் விளங்கிவிடும். 1997-இல் ஸ்பெயினின் மினிசாட்-01 செயற்கைக்கோளில் ஏறிச் சென்ற நிறமாலைமானி (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி), அந்த ஃபோட்டான்களால் நிறமாலையில் தோன்ற வேண்டிய ஒளிக்கோடு இருக்கிறதா என்று தேடியது. அகப்படவில்லை.

புதிரே இல்லை என்று சொல்ல வரவில்லை. புளூட்டோவைத் தாண்டிப்போன நியூ ஹொரைசன்ஸ் விண்கலம், பூமியின் காற்றொளி எட்டாத தொலைவிலிருந்து அளந்தபோதும் காரணம் தெரியாத ஒரு பங்கு மிஞ்சவே செய்தது. கட்டுரையின் மையமாக இருந்திருக்க வேண்டிய சான்று இதுதான். கட்டுரையாளரோ அதை ஒரே வரியில் கடந்து, கரும்பொருளுக்கு இரண்டு பக்கங்களை வாரி வழங்கிவிட்டார். தொடர்ச்சி வருமானால், தூசிக்கு எவ்வளவு, காற்றொளிக்கு எவ்வளவு, திரள்களுக்கு எவ்வளவு கழித்தார்கள் என்ற அட்டவணையையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்