எத்தனை வாய்ப்பு என்று எண்ணினீர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழ் விளையாட்டுப் பக்கத்தில், 'சாய் சுதர்சனுக்கு இன்னும் எத்தனை வாய்ப்புதான் தருவது?' என்று கேட்டிருக்கிறீர்கள். 2025 ஐ.பி.எல்.லில் நம்ம சென்னைப் பையனான அவர் 759 ரன் குவித்து, அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சு தொப்பி வாங்கியபோது அட்டையில் படம் போட்டதும் நீங்கள்தான். சரி, மறந்திருக்கும்.

அந்த ஜூனில் இங்கிலாந்தின் லீட்ஸில் அவருக்கு முதல் டெஸ்ட்: இரண்டு இன்னிங்ஸிலும் 0, 30 ரன். அடுத்த டெஸ்டிலேயே பெஞ்ச். மான்செஸ்டரில் திரும்ப வந்து 61. அக்டோபரில் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 87, 39. அதற்குப் பரிசு, அடுத்து நடந்த கொல்கத்தா டெஸ்டில் இடமில்லை! அவர் ஆடும் ஒன் டவுனில், அதாவது மூன்றாவது ஆட்டக்காரராக, வாஷிங்டன் சுந்தர் இறங்கினார். சுந்தரும் நம்ம சென்னைப் பையன்தான், அவர்மேல் வருத்தமில்லை. கொல்கத்தாவில் மூன்றாவது, குவாஹாட்டியில் எட்டாவது என்று அவரையும் பந்தாடியவர்களைத்தான் கேட்கிறேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

இது இன்று நேற்றுக் கதையும் இல்லை. சடகோபன் ரமேஷ் 38-ஐ ஒட்டிய சராசரி வைத்திருந்தும் 19 டெஸ்டோடு சரி. முதல் டெஸ்டில் 56 அடித்த பத்ரிநாத்துக்கு மொத்தமே 2 டெஸ்ட். அபினவ் முகுந்த் 2017-இல் இலங்கையின் காலேயில் 81 அடித்தார். காய்ச்சல் குணமாகி கே.எல். ராகுல் வந்ததும் வெளியே போனவர்தான். கருண் நாயர் சேப்பாக்கத்தில் 303 அடித்துவிட்டு அடுத்த டெஸ்டில் வேடிக்கை பார்த்தார்.

நானும் சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் ஓப்பனிங் ஆடியவன். ஒரு ரன்கூட எடுக்காமல் டக் அடித்தால் போதும், அடுத்த ஆட்டத்தில் மரத்தடியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுத வேண்டும். அப்புறம் மட்டையைக் கொடுத்தால் கை எப்படி வரும்? ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே அடிக்க வாகான பந்து விழுந்தால்கூட, 'அவுட் ஆகாமல் இருந்தால் சரி' என்று தடுத்து வைப்போம். உடனே, 'இவனுக்கு அடிக்கவே வராது' என்பார்கள். என் இடத்தில் ஆடியவர் செயலாளரின் மச்சான் என்பது தனிக் கதை.

'இன்னும் எத்தனை வாய்ப்பு' என்ற அந்த வரிக்கு வருத்தம் தெரிவிப்பீர்கள் என்ற பேராசை எனக்கில்லை. முன்பெல்லாம் ரஞ்சி ஸ்கோர்கார்டை முழுசாகப் போடுவீர்கள். இப்போது அந்த இடத்தில் வீரர்களின் தலைமுடி அலங்காரம் வருகிறது. தமிழ்நாடு ஆடும் ஆட்டங்களுக்காவது அதைத் திரும்பப் போடுங்கள். பொடி எழுத்தானாலும் பரவாயில்லை, படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருவல்லிக்கேணி