பழைய காரின்ர டாஷ்போட்டை வெட்டாதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார் வச்சிருக்கிற ஆக்கள், முக்கியமா வெளிநாட்டில இருந்து காசு அனுப்பி தகப்பன்ர காரைத் திருத்தி எடுக்கிற பொடியள், இப்ப டாஷ்போட்டில டிஜிற்றல் மீற்றர் பூட்டுறதில நல்ல விருப்பமா இருக்கினம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மீற்றர் பூட்டத்தான் வேணும் எண்டு சொல்லுற ஆள் நான். ஆனா இப்ப பூட்டுற முறையில நல்ல கார்களெல்லாம் பழுதாகுது, திரும்பக் கிடைக்காத சாமான்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகுது, அதைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரேல்லை.

ஏன் வேணும் எண்டா, மொறிஸ் மைனர் 1000 ஐயே எடுங்கோ. டாஷ்போட்டுக்கு நடுவில ஒரு பெரிய வட்ட ஸ்பீட் மீற்றர், அதுக்குள்ளயே பெற்றோல் முள்ளு, பேந்து ஒயிலுக்கும் சாஜ்ஜுக்கும் ரெண்டு குட்டி லைற், அவ்வளவுதான். எஞ்சின் எவ்வளவு சூடு எண்டு காட்ட ஒண்டுமே இல்லை. ஒயில் லைற்றும் பிரஷர் அடியோட விழுந்தாப்பிறகுதான் பத்தும், பத்தேக்க பெயாரிங் போற நிலைமையில இருக்கும். சுண்ணாம்புத் தண்ணியை வருஷக்கணக்கா ஊத்தி அடைபட்ட ரேடியேற்றரோட பங்குனி சித்திரை வெயிலில ஆனையிறவு தாண்டி பரந்தன் பக்கம் ஒரே இழுவையா இழுத்துப் பாருங்கோ, ஆவி வரேக்கதான் டிரைவருக்கு விசயம் தெரியும், அதுக்குள்ள எஞ்சின் ஹெட்டுக்குக் கீழ தண்ணியையும் ஒயிலையும் அடைச்சு வைக்கிற ஹெட் கஸ்கட் போயிடும். சூட்டுக்கும் ஒயில் பிரஷருக்கும் பற்றரி வோல்ட்டுக்கும் மூண்டு சின்ன மீற்றர் இருந்தா எஞ்சின் தப்பும். பற்றரியைச் சாஜ் பண்ண டைனமோ பூட்டின பழைய கார் எண்டா வோல்ட் மீற்றர் இன்னும் அவசியம், ஏனெண்டா அந்தக் காலத்து லூக்காஸ் டைனமோ எல்லாம் 20 அம்பியர் அளவுதான் தரும், ஐடிலில அதுவும் இல்லை, ராவில லைற்றையும் போட்டுக்கொண்டு ரவுணுக்குள்ள நிண்டு நிண்டு ஓடினா பற்றரி இறங்கிக்கொண்டே போகும்.

சரி, இப்ப நடக்கிறதைச் சொல்லுறன். எங்கட ஊரில ஒரு வீட்டில ஒஸ்ரின் ஏ40 சோமசெற் கார் ஒண்டு நிக்குது, 1952க்கும் 54க்கும் இடையில மட்டும் வந்த மொடல், இனி ஒருத்தரும் செய்யப் போறேல்லை. அதின்ர டாஷ்போட்டைக் கிரைண்டரால வெட்டி ஒரு நீட்டுச் சதுர ஓட்டை போட்டு அதுக்குள்ள நீல வெளிச்சத்தில எழுத்து ஓடுற ஸ்கிறீன் ஒண்டை சிலிக்கன் வச்சு ஒட்டியிருக்கினம். வெட்டின விளிம்பு அராவக்கூட இல்லை, கைபட்டாக் கிழிக்கும், உள்ளுக்கு விழுந்த இரும்புத்தூள் வயர்களுக்கு மேல அப்பிடியே கிடக்குது. மத்தியானம் வெயில் கண்ணாடிக்குள்ளால விழுந்தா ஸ்கிறீனில ஒண்டும் தெரியாது. கழட்டின ஸ்மித்ஸ் மீற்றர்கள் எங்க எண்டு கேட்டா கராஜ்காரர் எறிஞ்சிட்டாராம். அந்த வீட்டு அம்மா அதைச் சொல்லேக்க எனக்கு நெஞ்சு எரிஞ்சிட்டுது.

இதைவிட ஆபத்தானது வயரிங். அறுபதுகளின்ர பிற்பகுதி வரைக்கும் வந்த பிரிட்டிஷ் கார் கனக்க பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின்ர பிளஸ் பக்கம்தான் காரின்ர பொடியில, இரும்பு உடம்பில, பூட்டியிருக்கும். இப்ப வாற டிஜிற்றல் மீற்றர் எல்லாம் நெகற்றிவ் ஏர்த்துக்குச் செய்தது. சிவப்பு வயர் பிளஸ், கறுப்பு பொடி எண்டு பழக்கத்தில குடுத்தா ஒண்டில் மீற்றர் அந்த இடத்திலயே எரியும் இல்லாட்டி வயர் எரியும். சிலபேர் மீற்றரை மட்டும் தனியா மாத்திக் குடுத்து ரப்பர் வச்சு பொடியில முட்டாமல் பூட்டுகினம், ஆனா சென்சர் எஞ்சினில முட்டிக்கொண்டுதானே இருக்குது, அது சரிவராது. முழுக் காரையும் நெகற்றிவ்வுக்கு மாத்துறதுதான் முறை, அது ஒண்டும் பெரிய வேலை இல்லை, பழைய பாஸ்மார், அதான் அந்தக் காலத்து மெக்கானிக்மார், ஒரு மணித்தியாலத்தில செய்து தருவினம். பற்றரியைத் திருப்பி வைக்க வேணும், பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற கொயிலின்ர ரெண்டு வயரையும் மாத்த வேணும், ஆம்ப்மீற்றர் இருந்தா அதின்ர வயரையும் மாத்த வேணும், முக்கியமா டைனமோவின்ர வயர்களைக் கழட்டிப்போட்டு பற்றரியின்ர லைவ் பக்கத்தில இருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவில F எண்டு போட்டிருக்கிற முனையில ஒண்டிரண்டு செக்கன் தொட்டுத் தொட்டு எடுக்க வேணும், அப்பதான் அது புதுப்பக்கத்துக்குச் சாஜ் பண்ணும். ஸ்ராட்டர் மோட்டருக்கு எந்தப் பக்கமும் ஒண்டுதான், அதைத் தொடத் தேவையில்லை. செய்து முடிய பொனற்றுக்குக் கீழ பெரிய எழுத்தில நெகற்றிவ் ஏர்த் எண்டு எழுதி ஒட்டுங்கோ, நாளைக்கு வேற ஒரு மெக்கானிக் பழைய கார் எண்டு நினைச்சு பற்றரியை மாத்திப் பூட்டாமல் இருக்க.

மைனரில மொத்தமே ரெண்டு பியூஸ்தான், ஹெட்லைற்றும் இக்னிசனும் பியூஸ் இல்லாமல் நேர போகுது. அதால புது மீற்றருக்கு எடுக்கிற வயரில சின்ன பியூஸ் ஒண்டு தனியாப் போடுங்கோ, அம்பது அறுபது வருசத்துத் துணி சுத்தின வயரில இருந்து கிள்ளி எடுக்காதேங்கோ.

இன்னொண்டு, சென்சர் பூட்டேக்க ஒழுகக்கூடாது எண்டு தண்ணிக்குழாய்க்குச் சுத்துற வெள்ளை ரேப்பை புரியில தாராளமாச் சுத்துகினம். ஒரு வயர் சென்சருக்கு அந்தப் புரிதான் ஏர்த். ரேப் தடுத்தா மீற்றர் சூட்டைக் குறைச்சுக் காட்டும், எஞ்சின் கொதிக்கும், ஸ்கிறீனில நம்பர் வடிவா இருக்கும், டிரைவர் அதை நம்பி ஓடிக்கொண்டே இருப்பார். ரேடியேற்றர் மேல் ஹோசில இடைத்துண்டு போட்டு சென்சர் பூட்டினாலும் இதே மாதிரி ஒரு பயம் இருக்குது, தண்ணி இறங்கி ஹோசுக்குள்ள காத்து மட்டும் நிண்டா குறைச்சுத்தான் காட்டும். எஞ்சின் ஹெட்டிலயே பூட்டுறதுதான் திறம், சில எஞ்சினில அதுக்கெண்டே இருக்கிற ஓட்டையைக் கட்டை போட்டு மூடியிருப்பினம், தேடிப் பாருங்கோ. ஒயிலுக்கு லைற் சுவிச் இருக்கிற இடத்தில ஒரு T துண்டு போட்டா பழைய லைற்றும் இருக்கும் புதுச் சென்சரும் இருக்கும். பெற்றோல் மீற்றர் புதுசா மாத்திறவை ராங்கிக்குள்ள இருந்து அளவு சொல்லுற சென்டர் (sender) எத்தினை ஓம் எண்டு முதல் அளந்து பாருங்கோ, சிலது வெறும் ராங்கிக்கு 240 ஓம் நிறைஞ்சா 30 சொச்சம், வேற சிலது வெறுமைக்கு 10 நிறைஞ்சா 180, மாறிப் பூட்டினா ராங்கி காயக் காய மீற்றர் நிறைஞ்சுகொண்டு போகும். ஸ்கிறீன் துடிச்சுக்கொண்டு இருந்தா மீற்றர் பிழை எண்டு எறியாதேங்கோ, பிளக் வயரால வாற இரைச்சல் அது, கார்பன் வயரோ ரெசிஸ்ரர் பிளக்கோ போட்டா அடங்கும்.

டாஷ்போட்டில ஒரு ஓட்டைகூடப் போடாமல் இவ்வளவும் செய்யலாம். மைனரில ஸ்பீட் மீற்றருக்கு ரெண்டு பக்கமும் பெட்டி இருக்குது, அதுக்குள்ள ஒரு பலகைத் துண்டில மூண்டு மீற்றரையும் பூட்டி வச்சா டிரைவருக்குத் தெரியும், வெயிலும் படாது, எப்ப வேணுமெண்டாலும் கழட்டலாம். ஏ40 எண்டா டாஷ்போட்டுக்குக் கீழ ஏற்கெனவே இருக்கிற ஸ்குரூவில ஒரு பிறக்கற் தொங்கவிடலாம். ஸ்பீட் மீற்றரைத் தயவுசெய்து விடுங்கோ. கியர்பொக்சில இருந்து வாற கேபிள் ஒரு காந்தத்தைச் சுத்தும், அது அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், மயிர்ச்சுருள் திருப்பிப் பிடிக்கும், இதுக்குள்ள பழுதாக என்ன இருக்குது? முள்ளு ஆடினா கேபிள் காய்ஞ்சு போச்சு எண்டு அர்த்தம், கழட்டித் துடைச்சு கீழ்ப்பக்கத்துக்குக் கொஞ்சமாக் கிறீஸ் பூசினாச் சரி, மேல்பக்கம் பூசினா அது ஏறி மீற்றருக்குள்ள போயிடும். மைல் கணக்கு விளங்கேல்லை எண்டுற பொடியள் கண்ணாடியில 31 இலயும் 43 இலயும் மெல்லிய சிவப்புக் கோடு ஒட்டுங்கோ, ஊருக்குள்ள 50, வெளியில 70 கிலோமீற்றர் எண்ட கணக்குக்கு அது காணும். மீற்றர் உண்மையாவே செத்துப் போச்சுதெண்டா பழைய முகத்தையும் முள்ளையும் அப்பிடியே வச்சுக்கொண்டு பின்னால ஒரு சின்ன ஸ்ரெப்பர் மோட்டரைப் பூட்டி ஜிபிஎஸ்ஸால ஓடப் பண்ணலாம், போன் திருத்திற எங்கட பொடியளின்ர கைக்கு அது வராத வேலை இல்லை.

இந்தக் கார்கள் இங்க மிஞ்சினது சும்மா இல்லை ஐயா. 1990க்குப் பிறகு பெற்றோலும் பற்றரியும் ஸ்பெயார் பாட்ஸும் வர விடாமல் தடை போட்ட காலத்தில, ஒரு சொட்டுப் பெற்றோலை கார்பரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓட்டினது இந்த ஒஸ்ரினும் மொறிசும்தான், வருத்தக்காரரையும் பிள்ளைத்தாச்சியளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இதுகள்தான். அதை அப்பிடி ஓட வச்ச பாஸ்மார் இப்ப எழுபது எண்பது வயசில கொஞ்சப் பேர்தான் இருக்கினம். உங்கட பேப்பரில வாரத்துக்கு ஒரு கால் பக்கமாவது ஒதுக்கி அவையளிட்டப் போய்க் கேட்டு, டைனமோவுக்கு எப்பிடிப் பக்கம் மாத்திறது, பழைய வயரிங்கை எப்பிடிப் புதுப்பிக்கிறது எண்டு படத்தோட போடுங்கோ. கிளிநொச்சி அறிவியல்நகரில ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையத்தில படிக்கிற பிள்ளையளும் அவையளும் ஒரு நாளைக்கு ஒரே காருக்குப் பக்கத்தில நிண்டா ரெண்டு பகுதிக்கும் பிரயோசனம். கராஜ்காரருக்கும் ஒரு வேண்டுகோள், கழட்டிற மீற்றரை, வேலை செய்யாட்டியும், ஒரு பெட்டிக்குள்ள போட்டு காரோடயே சொந்தக்காரரிட்டக் குடுத்துவிடுங்கோ.

இப்படிக்கு,
மைனர் வச்சிருக்கிற வாசகன்,
கோண்டாவில்.