ஆகஸ்ட் படகுப் பயணம் பற்றி

அன்பு மகளுக்கு,

பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆற்றில் போவதா என்று போனில் பயந்தாயே, அதனால் நானும் அம்மாவும் நேரோபோட் என்கிற ஒரு ஒடுங்கிய நீளப் படகை எடுத்து ஒரு நாள் போய்ப் பார்த்தோம். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தேம்ஸில் ஐன்ஷம் பக்கமாக, நீரோட்டத்துக்கு எதிராக. தாராளமாகப் போகலாம்மா. ஆனால் சிலவற்றைத் தெரிந்துகொண்டு ஏறு.

அந்தப் படகு ஏழடிகூட அகலம் இல்லை. பழைய கால்வாய்கள் பலவற்றின் லாக்குகள், அதாவது தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் கதவு வைத்த தொட்டிகள், ஏழடி அகலத்தில் கட்டப்பட்டவை, அதற்கேற்றபடி செய்தது. ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய் 1790-இல் இந்த ஊரை எட்டியது. அந்த வழியாக இவ்வகைப் படகுகள் தேம்ஸுக்கு வந்து போகின்றன. கால்வாயில் தண்ணீர் பெரும்பாலும் சும்மா நிற்கும். ஆற்றில் அப்படி இல்லை. இன்ஜின் நின்றால் நீரோட்டம் தடுப்பணைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் கிளம்பும் முன் முன்பக்கம் நங்கூரம் இருக்கிறதா, அதன் சங்கிலி படகோடு மாட்டியிருக்கிறதா என்று நீயே பார்.

சுக்கானை மாப்பிள்ளை பிடிக்கட்டும். பிடியை இடது பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலது பக்கம் திரும்பும், அதுவும் சற்றுத் தாமதமாக. பிரேக் கிடையாது. ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்த வேண்டும், அப்போது படகு சுக்கானுக்குச் சரியாகக் கட்டுப்படாது. ஆஸ்னி லாக்கைத் தாண்டியதும் ஒரு தாழ்வான பாலம் வரும், பிள்ளைகளை உள்ளே உட்காரவை.

நீ பயப்படுவது லாக்கைத்தானே? உள்ளே போனதும் இன்ஜினை அணைத்துவிட்டு, முன்னும் பின்னும் கயிற்றைக் கரைத்தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். முடிச்சு மட்டும் போடாதே! திரும்பி வரும்போது தண்ணீர் இறங்கும். கட்டிய படகு கயிற்றில் தொங்கிவிடும். அப்போது லாக்கின் பின்பக்கக் கதவை விட்டுப் படகைத் தள்ளியே நிறுத்து. கதவடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்விளிம்பில் படகின் வால் மாட்டினால் ஆபத்து. காட்ஸ்டோ லாக் வரை கதவுகளை இயந்திரம் திறக்கும். அடுத்த கிங்ஸ் லாக்கில் கதவோடு சேர்ந்த நீண்ட மரக்கட்டையை முதுகால் தள்ளித் திறக்க வேண்டும். அம்மாதான் தள்ளினாள், அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

வழியில் போர்ட் மெடோ வரும். 1086-இல் எடுத்த நிலக்கணக்கிலேயே பொது மேய்ச்சல் நிலமாக எழுதப்பட்ட புல்வெளி, உழப்பட்டதே இல்லையாம். இன்றும் மாடும் குதிரையும் மேய்கின்றன. மாடுகள் ஆற்றில் இறங்கி நிற்கும். சின்னவன் அங்கிருந்து நகரமாட்டான், மெதுவாகப் போங்கள்.

மழை பெய்திருந்தால் லாக்கில் மாட்டியிருக்கும் பலகையைப் பார். மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் கரையிலேயே இரு. ஒரு நாள் வீணானால் பரவாயில்லை.

அப்புறம், லைஃப் ஜாக்கெட் எடையைப் பொறுத்துத்தான் தருவார்கள். பிள்ளைகள் இரண்டு பேரின் எடையையும் எனக்கு எழுது. வழுக்காத ஷூ வாங்கி வை.

அப்பா