சோடா வேறு, கலர் வேறு: கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்துக் கடைக்கார அண்ணன்மார்களுக்கும், கல்யாணத்துக்குச் சாமான் எடுத்துத் தருகிறவர்களுக்கும் வணக்கம்.

விலைப் பலகையில் ‘சோடா வகைகள்’ என்று எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் எழுதுகிறீர்கள். அதைப் பிரித்து எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சோடா என்றால் தண்ணீரும் கரியமில வாயுவும்தான், சர்க்கரை கிடையாது. சோடா உப்பு சேர்த்துச் செய்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கலர் என்ற சொல்லோ நிறத்தைத் தாண்டி வந்துவிட்டது. விருந்தாளி வந்ததும் “கலர் வாங்கிட்டு வா” என்று பேரனை அனுப்புகிற ஆச்சி கேட்பது வாயு அடைத்த இனிப்புப் பானத்தை. பொவண்டோவும் கலர், ஆரஞ்சும் கலர், நிறமே இல்லாத இனிப்பு எலுமிச்சை பாட்டிலும் கலர்தான்.

சிக்கல் பன்னீர் சோடாவில் வருகிறது. பேரில் சோடா, பொருளில் கலர். பாட்டிலைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. இங்கிலாந்தின் ஹிராம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற கோலி பாட்டிலில் வெறும் சோடாவும் வரும், பன்னீரும் வரும். வாயுவின் அழுத்தம் கோலியை ரப்பர் வளையத்தோடு சேர்த்து நெருக்கி வைத்திருக்கிறது; உள்ளே இனிப்பு இருக்கிறதா என்று கோலி சொல்லாது. 200 மில்லி கலரில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை இருக்கும். பந்தி முடிந்து வயிறு மந்தமாக இருக்கிறதென்று சோடா கேட்கும் சர்க்கரை நோயாளியிடம் பன்னீரை நீட்டுவது சின்னத் தவறு அல்ல.

கல்யாண லிஸ்டில் ‘சோடா 4 பெட்டி’ என்று மட்டும் எழுதினால், பெட்டிக்கு 24 வீதம் 96 பாட்டிலும் பன்னீராக வந்து இறங்கிவிடும். மண்டபத்தில் எலுமிச்சையும் உப்பும் இருந்தும் உப்பு லெமன் சோடா போட வழியிருக்காது. வெறும் சோடா இருந்தாலும் வரிசை முக்கியம்: சாற்றில் உப்பை முழுதாகக் கரைத்துவிட்டு, குளிர்ந்த சோடாவை டம்ளர் ஓரமாக வழியவிடுங்கள். சோடா ஊற்றிய பிறகு உப்பைப் போட்டால், ஒவ்வொரு பரலையும் பற்றிக்கொண்டு வாயு ஒரேயடியாகக் கிளம்பும். நுரை மேசையில் வழிந்து, டம்ளரில் சப்பென்ற தண்ணீர்தான் மிஞ்சும்.

பலகையிலும் லிஸ்டிலும் ‘வெறும் சோடா’, ‘பன்னீர் சோடா - இனிப்பு’ என்று தனித்தனியாக எழுதுங்கள். கலரை அதனதன் பெயரோடு எழுதுங்கள். சோடா என்று மட்டும் கேட்பவரிடம், “வெறும் சோடாவா, பன்னீரா?” என்று கேட்டபிறகு கோலியைத் தட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளுக்குச் சோடா போடுகிறவர்கள்